வீட்டுப்பாடம் இல்லாத மேசை: ‘ஃபின்னகன்ஸ் வேக்’ நாவலைக் கூடி வாசிக்கும் குழுக்கள் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வெனிஸ் பகுதியில் 1995ஆம் ஆண்டு ஒரு வாசிப்புக் குழு தொடங்கியது. உள்ளூர்க் கிளை நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடினார்கள். எடுத்துக்கொண்ட நாவல் ஒன்றே ஒன்றுதான்: ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘ஃபின்னகன்ஸ் வேக்’. 2023 அக்டோபரில் அதன் கடைசிப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இடையில் ஓடியவை 28 ஆண்டுகள். ஜாய்ஸ் அந்த நூலை எழுதி முடிக்கவே ஏறத்தாழ 17 ஆண்டுகள்தான் எடுத்துக்கொண்டார். அடுத்த மாதமே அதே குழு மறுபடியும் மூன்றாம் பக்கத்தைத் திறந்தது. அச்சில் நாவல் தொடங்குவது அந்தப் பக்கத்தில்தான்.

பத்திரிகைகள் இதை ஒரு வினோதச் செய்தியாகவே வெளியிட்டன. படித்தவர்கள் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பார்கள். எனக்கு அதில் வேறொன்று உறுத்தியது. வாசகர் வட்டம் நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முதல் கூட்டத்துக்கு இருபது பேர், மூன்றாவதற்கு எட்டுப் பேர், ஆறாவதற்கு அமைப்பாளரும் அவருடைய நண்பரும். எளிதாகப் படிக்கக்கூடிய நூல்களுக்கே இந்தக் கதி. இருபதாம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் வந்த மிகக் கடினமான நாவல் என்று பெயரெடுத்த ஒன்றைச் சுற்றி ஒரு குழு 28 ஆண்டுகள் கலையாமல் இருந்திருக்கிறது என்றால், உறுப்பினர்களின் பொறுமையைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிட முடியாது. அந்த ஏற்பாட்டுக்குள் ஏதோ ஒன்று சரியாக அமைந்திருக்க வேண்டும். அது என்ன என்பதைப் பார்ப்பதே இந்த ஆய்வு. துணைக்கு இன்னொரு குழுவையும் எடுத்துக்கொள்கிறேன்: சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இதே நூலைச் சுற்றிச் சுற்றி வாசிக்கும் குழு.

நூலும் அதன் முதல் வாசகர்களும்

ஜாய்ஸின் முந்தைய நாவலான ‘யுலிஸிஸ்’ 1922 பிப்ரவரி 2 அன்று, அவருடைய நாற்பதாவது பிறந்தநாளில், பாரிஸில் வெளியானது. மறு ஆண்டு மார்ச் மாதம் அவர் அடுத்த நூலின் முதல் இரண்டு பக்கங்களை எழுதினார். ‘நடந்துகொண்டிருக்கும் வேலை’ என்ற தற்காலிகப் பெயரில் அதன் பகுதிகள் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தன. உண்மையான தலைப்பை மனைவி நோராவைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை. கண்டுபிடிப்பவருக்கு ஆயிரம் ஃபிராங்க் என்று பந்தயம் வேறு வைத்திருந்தார். 1938இல் பத்திரிகை ஆசிரியர் யூஜின் ஜோலாஸ் சரியாகச் சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டார். நூல் 1939 மே 4 அன்று லண்டனிலும் நியூயார்க்கிலும் வெளிவந்தது. மொத்தம் 628 பக்கங்கள்.

கதை என்று ஒன்றைப் பிடித்து நிறுத்த முயன்றால் இவ்வளவு சொல்லலாம். டப்ளின் நகரின் விளிம்பில், சாப்பலிஸோட் என்ற ஊரில் ஒரு மதுக்கடைக்காரர். அவர் மனைவி அன்னா லிவியா. அவளே லிஃபி ஆறும்கூட. இரட்டை மகன்கள் ஷெம், ஷான், ஒரு மகள். பூங்கா ஒன்றில் அவர் ஏதோ தகாத காரியம் செய்தார் என்று ஒரு வதந்தி. அது வாய்மாறி வாய்மாறிப் பெருகுகிறது. தலைப்பு ஓர் ஐரிஷ் நகைப்பாட்டிலிருந்து வந்தது: ஏணியிலிருந்து விழுந்து செத்த கொத்துவேலைக்காரன் டிம் ஃபின்னகன், இழவு வீட்டில் மேலே விஸ்கி சிந்தியதும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறான். விழுவதும் எழுவதுமே நூலின் மையம். கடைசி வாக்கியம் பாதியில் நின்று, முதல் பக்கத்தின் முதல் சொல்லில் போய்ச் சேர்கிறது.

மொழிதான் சிக்கல். அடித்தளம் ஆங்கிலம், ஆனால் ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் வேறு மொழிகளின் சொற்கள் கரைக்கப்பட்டிருக்கின்றன. ‘யுலிஸிஸ்’ நாவலுக்காக ஓடியாடி உழைத்த கவிஞர் எஸ்ரா பவுண்ட், 1926இல் கையெழுத்துப் படியைப் பார்த்துவிட்டு, தனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று எழுதிவிட்டார். ஜாய்ஸின் தம்பி ஸ்டானிஸ்லாஸுக்கும் பிடிக்கவில்லை. ஜாய்ஸின் குடும்பச் செலவையே ஏற்று நடத்திய ஹாரியட் ஷா வீவருக்கும் கவலை. இவர்களில் யாரும் சாதாரண வாசகர் அல்லர். மூவருக்கும் பொதுவான ஒன்று, தமக்குக் கிடைத்த பகுதிகளை எதிரே வைத்துக்கொண்டு தனியே உட்கார்ந்து படித்தார்கள் என்பது.

எழுதப்பட்ட விதம் இதற்கு நேர் எதிர். ஜாய்ஸின் கண்பார்வை மிக மோசமாக இருந்தது. அறுவைச் சிகிச்சை மேல் அறுவைச் சிகிச்சை. பெரிய எழுத்தில் வண்ண மெழுகுக் குச்சியால் எழுதினார். நண்பர்கள் அவருக்காக நூல்களைப் படித்துக் குறிப்பெடுத்துக் கொடுத்தார்கள், உரக்க வாசித்துக் காட்டினார்கள், அவர் சொல்லச் சொல்ல எழுதினார்கள். அப்போது இருபதுகளில் இருந்த எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட்டும் அவர்களில் ஒருவர். 1930–31இல் ‘அன்னா லிவியா’ பகுதியைப் பிரெஞ்சில் பெயர்க்க ஒரு கூட்டமே உட்கார்ந்தது. பெக்கெட்டும் அவருடைய நண்பர் அல்ஃப்ரெட் பெரோனும் தொடங்கிவைத்த மொழிபெயர்ப்பைத் திருத்த, பால் லியோன் என்பவரின் வீட்டில் வியாழக்கிழமைதோறும் ஜாய்ஸ், ஜோலாஸ், கவிஞர் பிலிப் சூப்போ ஆகியோர் கூடினார்கள். ஒருவர் மூலத்தை வாசிப்பார், இன்னொருவர் பிரெஞ்சு வரியை வாசிப்பார், பிறகு விவாதம். ‘வேக்’ வாசிப்புக் குழு என்ற ஒன்றின் முதல் வடிவம் இதுதான் என்று நான் சொல்வேன். நூலாசிரியரே உறுப்பினராக இருந்த குழு. (அந்த வீட்டுக்காரர் லியோன் பத்து ஆண்டுகள் கழித்து, ஜெர்மானியர் பிடித்த பாரிஸில் ஜாய்ஸின் காகிதங்களைக் காப்பாற்றிக் கொடுத்தார். யூதர் என்பதற்காகக் கைதானவர், ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்.)

இரண்டு மேசைகள்

வெனிஸ் குழுவைத் தொடங்கியவர் ஜெரி ஃபியால்கா, பரிசோதனைத் திரைப்படக்காரர். குழுவின் பெயரில் மார்ஷல் மெக்லூஹனும் இருக்கிறார். ஊடகங்களைப் பற்றிப் பேசிய மெக்லூஹன் ‘வேக்’ நாவலின் தீவிர வாசகர். 1968இல் வந்த தம் நூலில் நாவலில் இடியோசையாக வரும் நூறெழுத்துச் சொற்களுக்குத் தொழில்நுட்ப வரலாறு சார்ந்து ஒரு விளக்கமே கொடுத்திருக்கிறார். கூட்டத்துக்குப் பத்திலிருந்து முப்பது பேர் வரை வந்தார்கள். முதலில் ஒரு சந்திப்புக்கு இரண்டு பக்கம். பிற்பாடு ஒரு பக்கமாகக் குறைந்தது. கொரோனா வந்தபோது ஜூம் வழியாகத் தொடர்ந்தார்கள்.

சூரிச் கதை கொஞ்சம் வேறு. முதல் உலகப் போரின்போது ஜாய்ஸ் அங்கே வாழ்ந்தார். ‘யுலிஸிஸ்’ நாவலின் கணிசமான பகுதியை அங்கே எழுதினார். 1941 ஜனவரி 13 அன்று அங்கேயே இறந்தார். ஃப்ளுன்டெர்ன் கல்லறைத் தோட்டத்தில் அவரது சமாதி இருக்கிறது. 1985இல் நிறுவப்பட்ட சூரிச் ஜேம்ஸ் ஜாய்ஸ் அறக்கட்டளை ஒரு நூலகமும் ஆய்வகமும் மட்டுமல்லாமல், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரக்கூடிய வாசிப்புக் குழுக்களையும் நடத்துகிறது. அதன் உயிர்நாடியாக இருந்தவர் ஃப்ரிட்ஸ் சென். பேராசிரியர் அல்லர், அச்சுப்படி திருத்துநராக வேலை பார்த்தவர். இந்த நூலில் நமக்கு விளங்காதது நிறைய இருக்கிறது என்பதை எழுத்திலும் பேச்சிலும் அவர் மறைத்ததில்லை. அங்கே ‘வேக்’ குழு வாரந்தோறும் கூடுகிறது. ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 11 ஆண்டுகள். கடைசிச் சொல்லை எட்டியதும் முதல் சொல்லுக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஸ்பானியக் கலைஞர் தோரா கார்சியா 2013இல் இக்குழுவைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தபோது ஏற்கெனவே ஏறத்தாழ முப்பது ஆண்டு காலம் இப்படி ஓடியிருந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்திலிருந்து 628 வரை 626 பக்கங்கள். மாதம் ஒருமுறை என்றால் 28 ஆண்டில் 336 சந்திப்புகள். சந்திப்புக்கு இரண்டு பக்கத்துக்கும் சற்றுக் குறைவு. சூரிச்சில் ஆண்டுக்கு 45 வாரம் என்று வைத்துக்கொண்டால் 11 ஆண்டில் ஏறத்தாழ 500 சந்திப்புகள். ஒரு மாலைக்கு ஒன்றேகால் பக்கம். ஆக, 28 என்ற எண்ணைக் கேட்டு மலைக்கத் தேவையில்லை. உண்மையில் சூரிச்காரர்கள் மேசையருகே இன்னும் மெதுவாகப் படிக்கிறார்கள். அடிக்கடி கூடுகிறார்கள், அவ்வளவுதான். இரண்டு இடங்களிலும் ஒரு சந்திப்பின் அலகு ஒன்றே: ஒரு பக்கம், அல்லது கொஞ்சம் கூட.

இந்த அலகில்தான் விஷயம் இருக்கிறது. வழக்கமான வாசகர் வட்டத்தில் வாசிப்பு வீட்டில் நடக்கிறது, பேச்சு மட்டும் கூட்டத்தில் நடக்கிறது. “அடுத்த கூட்டத்துக்குள் 120 பக்கம் முடித்துவிடுங்கள்” என்று ஒருவர் சொன்ன நொடியிலேயே குழு இரண்டாகப் பிளந்துவிடுகிறது. முடித்தவர்கள் பேசுவார்கள். முடிக்காதவர்கள் முடித்ததுபோல் தலையாட்டுவார்கள். மூன்றாவது தடவை தலையாட்ட வெட்கப்பட்டு வராமலே இருந்துவிடுவார்கள். நான் அறிந்த வட்டங்கள் கலைந்ததற்கு இலக்கியக் கருத்துவேறுபாடு காரணமாக இருந்ததில்லை. பெரும்பாலும் இந்த வெட்கம்தான். ‘வேக்’ மேசையில் அந்த வெட்கத்துக்கு இடமே கிடையாது. பக்கம் அங்கேயே, எல்லாருக்கும் எதிரில், உரக்க வாசிக்கப்படுகிறது. முன்கூட்டிப் படித்து வந்தாலும் பெரிதாக லாபமில்லை. ஆறு மாதம் வராமல் இருந்தவர் ஏழாம் மாதம் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளலாம், “கதை எதுவரை வந்திருக்கிறது?” என்று கேட்கக்கூட வேண்டாம், கேட்டாலும் யாரும் சொல்ல முடியாது.

ஜாய்ஸ் எழுதிய கடினத்தைப் பாதுகாப்பாக மாற்றிக்கொண்டார்கள் என்பதே இந்தக் குழுக்களின் சாமர்த்தியம். புரியாமை அங்கே பொதுச் சொத்து.

ஆற்றங்கரையில் இரண்டு பெண்கள்

ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் என்னதான் பேசுவார்கள்? இதற்கு 213ஆம் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். முதல் பாகத்தின் எட்டாவது அத்தியாயம். லிஃபி ஆற்றின் இரு கரைகளிலும் நின்றுகொண்டு இரண்டு பெண்கள் துணி வெளுத்தபடி அன்னா லிவியாவைப் பற்றி ஊர்வம்பு பேசுகிறார்கள். அத்தியாயம் முழுக்க உலகத்து ஆறுகளின் பெயர்கள், நூற்றுக்கணக்கில், சொற்களுக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன. இந்த ஒரு பகுதிக்கு மட்டும் 1,200 மணி நேரம் செலவானதாக ஜாய்ஸ் சொல்லியிருக்கிறார். இதன் இறுதிப் பக்கங்களை 1929இல் அவரே வாசித்து இசைத்தட்டில் பதிவு செய்திருக்கிறார். சுமார் எட்டரை நிமிடம்.

அந்தப் பதிவில் பொழுது சாய்கிறது, காற்று எழுகிறது. ஒருத்தி சொல்கிறாள்: “கோதாவரி, வெர்ட் த ஷவர்ஸ்! அண்ட் கிராண்ட் தயா கிரேஸ்! ஆமன்.” ஆங்கிலக் காதுக்கு இது ஒரு சின்னப் பிரார்த்தனை. மழையைத் தடுத்தருள், உன் அருளைத் தா, ஆமென். துணி காயப்போடும் நேரத்தில் மழை வந்தால் பிழைப்புக் கெட்டுவிடுமே! கடவுளைக் கூப்பிடும் முதல் அசைக்குள் கோதாவரி உட்கார்ந்திருக்கிறாள். நமக்கு அது முதல் வாசிப்பிலேயே தெரிந்துவிடும். ஐரோப்பிய மேசை ஒன்றில் அது யாராவது எடுத்துச் சொல்லியாக வேண்டிய தகவல்.

அடுத்து ‘தயா’. ஆங்கிலக்காரர் இதை ‘உன்னுடைய’ என்பதன் பழைய வடிவத்தின் திரிபாகக் கேட்பார். ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஒருவர் இருந்தால் உடனே சொல்வார்: அது எங்கள் ஊர் எல்லையில் ஓடும் ஆறு. நம்மவர் ஒருவர் இருந்தால் தயை என்பார். அருளும் தயையும் அடுத்தடுத்து நிற்கும்போது அப்படிக் கேட்காமல் இருப்பதும் கடினம். சில வரி தள்ளி “டெர் வென்ட் இஸ் ரைஸிங்” என்று வருகிறது. சூரிச்சில் இருக்கிறவர்களுக்கு இது காற்று எழுகிறது என்ற ஜெர்மன்-ஆங்கிலக் கலவையாக ஒரே மூச்சில் விளங்கும். இங்கிலாந்துக்காரருக்கு டெர்வென்ட் ஆறு காதில் விழும். “உன் கரையில் நீ விரி, என் கரையில் நான் விரிக்கிறேன்” என்ற பேச்சுக்கு இடையே “ஃப்ளிப்!”, “ஃப்ளெப்!” என்று ஈரத்துணி உதறும் சத்தம். இதற்கு எந்த மொழியறிவும் வேண்டாம். ஆனால் யாராவது வாய்விட்டுப் படித்தால்தான் துணி உதறப்படுவது தெரியும்.

இதே அத்தியாயத்தின் தொடக்கத்தில், 196ஆம் பக்கத்தில், அழுக்குத் துணியைப் பார்த்து ஒருத்தி அங்கலாய்க்கிறாள்: ஈரத்தின் ‘ட்னீப்பர்’களும் பாவத்தின் ‘காங்கர்’களும் இதில் எவ்வளவு! ட்னீப்பர் உக்ரைன் ஆறு. இரண்டாவது சொல்லில் கங்கையும், அழுகிய சதையைக் குறிக்கும் மருத்துவச் சொல்லும் ஒன்றாகிவிட்டன. பக்கத்திலேயே பாவம். கங்கையில் மூழ்கினால் பாவம் தொலையும் என்று கேட்டு வளர்ந்த ஒருவருக்கு இந்த வரி கொடுக்கும் அதிர்ச்சி, அகராதியில் ஆற்றின் பெயரை மட்டும் கண்டவருக்குக் கிடைக்காது. பாவத்தைக் கழுவும் ஆறே இங்கே பாவத்தின் புண்ணாகிவிட்டது.

கூட்டு வாசிப்பின் பயன் இதில் தெளிவாகவே தெரிகிறது. தனி வாசகர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் ஒரு வாழ்க்கைதான் அவருக்கு. இந்த நூலோ பல வாழ்க்கைகளின் காதுகளை எதிர்பார்த்து எழுதப்பட்டது. மேசையைச் சுற்றி ஒரு செவிலியர், ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவர், ஒரு குதிரைப் பந்தயப் பித்தர், பழைய பாட்டுகள் தெரிந்த ஒரு முதியவர் இருந்தால், ஐந்தாவதாக ஓர் ஆங்கில முதுகலைக்காரர் அவ்வளவு அவசரமாகத் தேவைப்படமாட்டார்.

ஆனால் இந்த இடத்தில்தான் குழு கெடவும் செய்யும். தயா என்பது தயைதானா? அத்தியாயத்தின் திட்டம் ஆறுகளின் பெயரைப் புதைப்பது. ஆகவே ஆஸ்திரிய ஆற்றுக்குச் சான்று வலுவாக இருக்கிறது. தயைக்கு அவ்வளவு வலு கிடையாது. ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது, ஏனென்றால் நான்காம் பாகம் 593ஆம் பக்கத்தில் ‘சந்தியாஸ்’ என்ற சொல்லை மூன்று முறை கூவித்தான் தொடங்குகிறது. இரவு முடிந்து விடியும் இடம் அது. வடசொற்களும் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டவை என்பதற்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? இப்படி ஒவ்வொரு ஊகத்துக்கும் ஓர் எடை இருக்கிறது. நல்ல குழுவில் ஊகம் சொல்லத் தடையே இல்லை; சொன்ன ஊகத்தை எடைபோடவும் ஆள் இருக்கிறது. எல்லா ஊகங்களையும் ஒரே தட்டில் வைத்துக் கைதட்டும் குழுவில், நூல் மறைந்து உறுப்பினர்களின் நினைவுகள் மட்டும் மிஞ்சும். ஜாய்ஸின் குறிப்பேடுகள் அமெரிக்காவில் பஃபலோ பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அவற்றை அலசியவர்கள் பல சொற்கள் எந்த நூலிலிருந்து வந்தன என்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்த வேலையையும் மதித்தே ஆக வேண்டும்.

உரைகளை மேசையில் எங்கே வைப்பது?

தமிழ் வாசகருக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. 1944இல் ஜோசஃப் கேம்பெலும் ஹென்றி மார்ட்டன் ராபின்சனும் எழுதிய வழிகாட்டி ஒரு பொழிப்புரை: கதையோட்டத்தைச் சொல்லிக்கொண்டு போகும். 1980இல் ரோலண்ட் மக்ஹியூ வெளியிட்ட குறிப்புநூல் ஓர் அரும்பதவுரை. நாவலின் பக்கத்துக்குப் பக்கம் பொருந்தும்படி, எந்தச் சொல் எந்த மொழி என்று மட்டும் காட்டும். பொழிப்புரை சௌகரியமானது. ஆனால் ஆளை ஏமாற்றும். கனவை ஒரு குடும்பக் கதையாகச் சுருக்கிவிட்டு, விளங்கிவிட்டது என்ற திருப்தியைக் கொடுத்துவிடும். அரும்பதவுரையின் ஆபத்து வேறு. அதைக் கையில் வைத்திருப்பவர் தம்மை அறியாமலே வாத்தியாராகிவிடுவார். மற்றவர்கள் ஊகிப்பதை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்க்கத் தொடங்குவார்கள்.

மக்ஹியூ வெட்டுக்கிளிகளின் ஒலியை ஆராய்ந்த உயிரியலாளர். முதலில் எந்த விளக்கநூலையும் தொடாமல் நாவலைத் தாமே படித்தார் என்பதைத் தம் 1981 நூலில் சொல்லியிருக்கிறார். அரும்பதவுரை எழுதியவரே அப்படித்தான் உள்ளே போனார். ஆகவே என் யோசனை: பக்கத்தை முதலில் இரண்டு தடவை உரக்கப் படித்துவிட வேண்டும், எல்லாரும் கேட்டதைச் சொல்லிவிட வேண்டும், அதற்குப் பிறகே உரை திறக்கப்பட வேண்டும். அதுவும் ஒருவர் கையில் நிரந்தரமாக இருக்கக் கூடாது.

இன்னொன்றையும் கவனிக்கலாம். சென் அச்சுப்படி திருத்தியவர், மக்ஹியூ உயிரியலாளர், 1956இல் நாவலின் பாத்திரங்களுக்குக் ‘குடிக்கணக்கு’ எடுத்து வெளியிட்ட அடலைன் கிளாஷீனும் பல்கலைக்கழகப் பதவி எதிலும் இல்லாதவர். சென்னும் கிளைவ் ஹார்ட்டும் 1962இல் தொடங்கிய சிறு செய்தி மடல், உலகின் வெவ்வேறு மூலைகளில் இருந்த இத்தகைய தனி ஆர்வலர்களை ஒரு மேசைக்குக் கொண்டுவந்தது. இந்த நூலைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு ஆர்வலர்களின் உழைப்பு. வகுப்பறையில் ஒரு பருவத்துக்குள் முடிக்க முடியாத நூல், வகுப்பறைக்கு வெளியேதான் தன் ஆட்களைத் தேடிக்கொண்டது.

கொடுத்த விலை

பக்கத்துக்கு ஒரு மாதம் என்ற வேகத்தில் பறிபோவதும் உண்டு. முதலாவது, முழுமை. 1995இல் படித்த தொடக்கம் 2023இல் யாருக்கு நினைவிருக்கும்? தொடங்கும்போது இருந்தவர்கள் எல்லாரும் முடிக்கும்போது இருக்கவும் மாட்டார்கள். ‘வேக்’ வட்டமாகச் சுற்றும் நூல், எங்கே நுழைந்தாலும் ஒன்றுதான் என்று அதன் அன்பர்கள் சமாதானம் சொல்வார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது.

கடைசிப் பத்துப் பக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 619 முதல் 628 வரை. கிழவியாகிவிட்ட ஆறு, விடியற்காலையில் டப்ளினைக் கடந்து கடலுக்குள் போகிறது. கணவனிடம் பேசுகிறாள், பிள்ளைகளை நினைக்கிறாள், தன் இடத்துக்கு மலையிலிருந்து மகள் இறங்கி வருவதைப் பார்க்கிறாள், கடலாகிய தகப்பனைக் கண்டு அஞ்சுகிறாள், அவனிடமே ஓடுகிறாள். மொழி இந்த இடத்தில் பெருமளவு தெளிந்துவிடுகிறது. இதை மாதம் ஒரு பக்கமாகப் பத்து மாதம் படிப்பது அந்தப் பத்துப் பக்கங்களுக்கு அநியாயம். ஒரே அமர்வில், ஒரே குரலில், இடையில் யாரும் எதையும் விளக்காமல் படித்து முடிக்க வேண்டிய பகுதி அது. குழு தன் விதியை அன்று ஒருநாள் மீறினால் குடிமுழுகிப் போகாது.

இரண்டாவது இழப்பு, சிரிப்பு. இந்நூல் ஒரு நகைச்சுவை நூல். குறுக்கெழுத்துப் போட்டி மனநிலை தலைக்கேறிவிட்டால் ஒவ்வொரு சொல்லும் ஒரு விடையாகிவிடும். விடை கிடைத்ததும் அடுத்த கட்டத்துக்குத் தாவுவார்கள், அந்த வரி ஏன் அங்கே இருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

வேறு நாவலுக்கு இந்த முறை பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. ‘யுலிஸிஸ்’ நாவலையும் சூரிச்சில் கூடி வாசிக்கிறார்கள். ஆனால் அதற்குள் நூல் நீளத்துக்கும் ஓடும் நூலிழைகள் இருக்கின்றன. ஐந்தாவது அத்தியாயத்தில் கதைநாயகன் புளூம் தன் செய்தித்தாளைக் கேட்டவரிடம், அதைத் தூக்கியெறியத்தான் போகிறேன், நீயே வைத்துக்கொள் என்கிறான். கேட்டவர் அதைப் பந்தயக் குதிரைக்கான ரகசியத் துப்பாக எடுத்துக்கொள்கிறார். ‘தூக்கியெறி’ என்று பொருள்படும் பெயரில் அன்று ஒரு குதிரை ஓடுகிறது. 1904 ஜூன் 16 அன்று நடந்த தங்கக் கோப்பைப் பந்தயத்தில் அந்தக் குதிரை ஒன்றுக்கு இருபது என்ற விகிதத்தில் உண்மையிலேயே வென்றது. பன்னிரண்டாவது அத்தியாயத்தில், மதுக்கடையில் இருப்பவர்கள் புளூம் பணத்தை அள்ளிவிட்டு ஒரு சுற்றுக்கூட வாங்கித் தராமல் நழுவுகிறான் என்று நம்பி அவன்மேல் பாய்கிறார்கள். புளூமுக்கு ஒன்றுமே தெரியாது. ஐந்தாவது அத்தியாயத்தில் வந்த அந்த அற்ப வாக்கியம் வாசகர் நினைவில் இருந்தால்தான் இந்தக் கோபத்தின் அநீதி உறைக்கும். வாரத்துக்கு ஓரிரு பக்கம் என்று போனால் இரண்டு இடங்களுக்கும் நடுவே இரண்டு மூன்று ஆண்டுகளாவது ஓடிவிடும். ஆகவே ‘யுலிஸிஸ்’ போன்ற நாவலுக்கு வேகம் கூட வேண்டும். அத்துடன் ஒவ்வொரு கூட்டத் தொடக்கத்திலும் ஒருவர் பழைய இழைகளை ஐந்து நிமிடம் நினைவூட்டுவது அவசியம். மாற்றக் கூடாதது ஒன்றே: வாசிப்பு மேசையிலேயே, உரக்க நடக்க வேண்டும்.

‘வேக்’ நாவலையே எடுக்க நினைப்பவர்களுக்கு 628 பக்கத்தையும் கண்டு மலைக்காமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. அந்த ஆற்றங்கரை அத்தியாயம் மட்டும் 196 முதல் 216 வரை 21 பக்கம். வாரம் ஒரு பக்கம் என்றால் ஐந்து மாதம். தொடங்கும் நாளன்று ஜாய்ஸின் இசைத்தட்டைப் போட்டுக் கேட்டுவிடலாம், கோதாவரி உட்பட. நூல் வாங்கும்போது மட்டும் எல்லாரிடமும் 3இல் தொடங்கி 628இல் முடியும் வழக்கமான பக்க எண் கொண்ட பதிப்பு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். டானிஸ் ரோஸும் ஜான் ஓ’ஹான்லனும் ஏறத்தாழ 9,000 திருத்தங்களுடன் 2010இல் கொண்டுவந்த ‘மீட்டெடுத்த’ பதிப்பில் பக்கங்கள் மாறிவிட்டன. அதை ஒருவர் கொண்டுவந்தால் மக்ஹியூவின் குறிப்புகளும் பொருந்தாது, பக்கத்தில் இருப்பவர் எந்த வரியைப் படிக்கிறார் என்பதைத் தேடுவதிலேயே மாலை போய்விடும்.